உடனே தெரிவிக்கப்பட்டது

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அம்மா, அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, எட்டாம் வகுப்பில் இருந்த நான். வேறு யாரும் இல்லை. யார் யார் பொறுப்பு என்று எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன், இந்த நான்கு பேருக்கு வெளியே ஒருவரைக்கூடச் சேர்க்க முடியவில்லை.

அம்மா மைசூரில், நஞ்சன்கூடு ரோட்டில் இருந்த ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைச் சட்டைகள். அங்கே மெஷினில் ஊசி ஒடிந்தால் அந்த நிமிஷமே சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். துண்டுகளைப் பொறுக்கி, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகச் சேர்ந்தால்தான் வேலை மறுபடி நடக்கும். ஒரு துணுக்கு குறைந்தாலும் அது ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அம்மாவின் ஊசி ஒடிந்தது. இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. சொன்னால் லைனே நிற்கும், மணி அடித்த பிறகு நாமே தேடிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மெஷினுக்கு அடியில் குனிந்து தேடினாள். எல்லோரும் சாப்பிட்டுத் திரும்பிய பிறகுதான் சொன்னாள். அதற்குள் அவள் தைத்த கட்டு பேக்கிங்குக்குப் போய் மற்றவற்றோடு கலந்துவிட்டது. பெட்டிகளை எல்லாம் பிரிக்க வேண்டியதாயிற்று. போன வருஷம் இதேபோல் முனையைத் தொலைத்த ஒரு அக்காவை வேலையை விட்டே நிறுத்தியிருந்தார்கள். அம்மாவை, நடந்ததை இங்கிலீசில் எழுதி மறுநாள் காலை கொண்டுவரச் சொன்னார்கள். சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் படிப்பார்களாம்.

மாமா முதலில் போனில் தமிழில் பேசி இங்கிலீசாக மாற்றப் பார்த்தார். அது ஊசியை இஞ்செக்சன் என்று போட்டது. ஆஸ்பத்திரிக் கடுதாசியாகிவிடும் என்று அதை விட்டுவிட்டு என்னிடம் நோட்டைத் தள்ளினார்கள்.

அந்த மாதம் எங்களுக்கு இங்கிலீசு வகுப்பில் நடந்துகொண்டிருந்தது, செய்தவர் பெயரே வராமல் வாக்கியம் எழுதுகிற பாடம். தரை பெருக்கப்பட்டது, கதவு பூட்டப்பட்டது. நடுவில் ஒரு சொல்லைச் செருகினால், அதாவது தரை நன்றாகப் பெருக்கப்பட்டது, கதவு கவனமாகப் பூட்டப்பட்டது என்று எழுதினால், அரை மார்க் கூட. நான் அந்த அரை மார்க்கை ஒருநாளும் விட்டதில்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன், அதனால் இன்றைக்கும் என் இங்கிலீசு அந்தப் பாடத்தோடு நிற்கிறது.

‘தி நீடில் வாஸ் ஆக்ஸிடென்டலி புரோக்கன்’ என்று எழுதினேன். ஊசி தற்செயலாக ஒடிக்கப்பட்டது. அடுத்தது, தரை கவனமாகத் தேடப்பட்டது. மாமாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் பாய்.

“பாத்தியாக்கா, உன் பேரே வரல. எங்க லாட்ஜுலயும் இப்பிடித்தான் போர்டு, ‘ஸ்மோக்கிங் இஸ் ஸ்ட்ரிக்ட்லி புரோஹிபிடட்’. தடுத்தது யாருன்னு போட்டிருக்குதா? ஓனரே அதுக்குக் கீழ உக்காந்து ஊதறாரு.”

மூன்றாவது வாக்கியம், சூப்பர்வைசருக்குத் தெரிவிக்கப்பட்டது. மாமா அதில் ‘இம்மீடியட்லி’ போடச் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒடனே எங்கடா சொன்னேன்? சோத்து நேரம் முடிஞ்சுதான சொன்னேன். அது வேண்டாம் பாப்பா.”

“சும்னிரு அக்கா. வேலை வேணுமா, வேணாமா?”

அப்பா, புள்ள படிச்சது, அதுக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சின்னதிலிருந்தே எதற்கும் பயப்படுகிறவள் நான். அம்மாவுக்கு வேலை போனால் வாடகை, ஃபீஸ், அரிசி என்று வரிசையாக மனதில் ஓடியது. அந்தச் சொல் இல்லாமல் வாக்கியம் மொட்டையாகவும் தெரிந்தது. எழுதிவிட்டேன். பிறகு முழுவதையும் தமிழில் படித்துக் காட்டினேன், அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு. அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அம்மா வழக்கமான பஸ்ஸில்தான் வந்தாள். வேலை போகவில்லை. அப்பாவிடம் நடந்ததைச் சொல்வதை நான் அடுப்புப் பக்கம் நின்று கேட்டேன். மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருக்கிறார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற கன்னடத்துப் பெண், அம்மாவைவிட வயதில் சின்னவள். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், யாரையும் கேட்காமல் அம்மாவை மூன்று மணிக்கே அனுப்பிவைத்தவள். உடனே சொல்லியிருக்கும்போது அந்தச் சட்டைக் கட்டை ஏன் பேக்கிங்குக்கு விட்டாய் என்று மேனேஜர் கேட்டாராம். அந்தப் பெண் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “அக்கா, ஊட்டா ஆத்மேலெ தானே ஹேளித்து?” என்றாளாம். சாப்பாடு முடிந்துதானே சொன்னீர்கள் என்று.

அங்கே நிறுத்திவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“இம்மீடியட்லின்னு ஒண்ணு இருக்குதாமே. அது என்ன பாப்பா?”

“ஒடனே” என்றேன்.

“ம்” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

அந்தப் பெண்ணை அடுத்த வாரம் சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி மெஷினில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவள் வருவதையே விட்டுவிட்டாள். அம்மா அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், யாரிடமும் இல்லாமல் பொதுவாக.

ஆனால் அம்மா அந்தச் சொல்லைக் கேட்ட அன்றைக்கு நான் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. ராத்திரி அம்மா வழக்கம்போல் சோறு போட்டாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அம்மா என்ன பதில் சொன்னாள் என்பது அவள் சொன்ன கதையில் இல்லவே இல்லை என்றும், அதை அப்பாவும் கேட்கவில்லை என்றும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.