வெட்டுப்பட்ட பெயர்கள்

மதியம் இரண்டு மணி. அஜ்மானில் படங்களுக்கு ஃபிரேம் போடும் கடையில் நிற்கிறேன். மச்சானுடைய அமெரிக்க மேனேஜர் அவனை நம்பிக் கொடுத்த இரண்டு படங்களை வாங்கிப்போக வந்தேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க ராணுவ அதிகாரிகள். கல்லச்சு முறையில் தாளில் அச்சடித்த பிறகு யாரோ உட்கார்ந்து கையால் நிறம் தீட்டியிருக்கிறார்கள். இருவருக்கும் நீலக் கோட்டு, தங்கப் பொத்தான், ஒரே மாதிரித் தாடி. கீழே வெள்ளை ஓரத்தில் பெயர் இருந்தது. இப்போது அந்த ஓரமே இல்லை.

"பேர் எங்கப்பா?"

"வெள்ளை ஓரம் இருந்தா வெட்டிருவோம்ணே. அப்பத்தான் ஆளு நெறைஞ்சு நிப்பாரு," என்கிறார் கடைக்காரர் செல்வராசு, புதுக்கோட்டைக்காரர், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

"அஞ்சு மணிக்கு மேனேஜர் கேட்டா, இதுல யார் யாருன்னு மச்சான் என்னத்தச் சொல்லுவான்?"

"சத்தம் போடாதீங்கண்ணே. குப்பை இன்னும் போகல."

கூடையைக் கவிழ்க்கிறார். பெயர்த் துண்டுகள் இரண்டும் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே அளவு. எது எவருக்கு? எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வருகிறது.

செல்வராசு ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடிக்கிறார். அதன் மேல் விளிம்பில் துளி சிவப்பு. படங்கள் இடுப்போடு முடிகின்றன; ஒரு அதிகாரியின் இடுப்பில் மட்டும்தான் சிவப்புத் துணி. நிறம் தீட்டியவரின் தூரிகை படத்தைத் தாண்டி வழுக்கியிருக்கிறது. சேர்த்து வைத்தால் சரியாகப் பொருந்துகிறது.

"ஒட்டினது தெரியுமேப்பா. மச்சான் திட்டு வாங்கப்போறான்."

"வாங்கட்டும்ணே," என்கிறார் பசையைக் கலக்கியபடி. "அந்தக் காலத்துல இந்தச் செவப்ப வெளிய இழுத்தவன் யாருகிட்டத் திட்டு வாங்குனானோ."