இரட்டைக் கோடு விழுந்த பீர்க்கங்கொடி

சத்யப்ரியாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். "கெட்டிக்காரிபா, சண்டை போட்டு ஆர்டர் வாங்கிட்டா" என்று ஊரில் ஒரே வரியில் அவள் கதையை முடித்துவிடுகிறார்கள். சண்டை யாரால் வந்தது என்று ஒருவனும் கேட்பதில்லை. என்னால் வந்தது. லோகேஸ்வரனாகிய என்னாலும், சிட்டிபாபு என்கிற அந்தக் கழிசடையாலும் வந்தது.

அவள் திருப்புட்குழியில் பிறந்தவள். அப்பா துரைக்கண்ணு பீர்க்கை, புடலை என்று பந்தல் காய் போடுகிறவர். பன்னிரண்டாவது முடித்த கையோடு பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் சரத்குமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வந்த புதிதில் பாவு எது, ஊடை எது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கையில் பென்சில் கிடைத்தால் விடமாட்டாள். காலண்டர் தாள், மகனுடைய நோட்டு, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், எதிலாவது ஒரு கொடி ஏறியிருக்கும். புருஷன் நெய்து முடித்த பழைய ஜக்கார்டு அட்டைகளை எடுத்து, எந்த ஓட்டை எந்த இழையைத் தூக்குகிறது என்று எண்ணி எண்ணியே கட்டத்தாளில் டிசைன் போடக் கற்றுக்கொண்டாள். "ஓட்டைய எண்ணத் தெரிஞ்சா போதும்பா, இதுல இன்னா பெரிய வித்தை இருக்குது" என்பாள்.

பதினோரு வருஷம் அந்த வீட்டுத் தறியில் கடைக்காரர்கள் கொடுத்த டிசைன்தான் ஓடியது. அப்புறம்தான் அவள் தன் டிசைனைப் போட்டாள். முந்தி முழுக்கப் பீர்க்கங்கொடி. மயிலும் இல்லை, யானையும் இல்லை. பந்தலைப் பிடிக்க நீளுகிற அந்தச் சுருள் இருக்கிறதே, அதை ஒற்றைக் கோட்டில் ஜரிகையாக இழுத்திருந்தாள். அந்த ஒரு கோடு அசிங்கமில்லாமல் வளைவதற்கு ஐந்து மாதம் கட்டத்தாளை அழித்து அழித்துப் போட்டிருக்கிறாள்.

சென்னையிலிருந்து சரக்கு எடுக்க வருகிற காசிநாதன் அந்தக் கட்டத்தாளைப் பார்த்துவிட்டு மயங்கிப்போனார். "ஒண்ணு நெய்ம்மா. ஒருவாட்டி உடுத்திப் பாரு, முந்தி எப்படி விழுதுன்னு தெரியணும். மார்க்கெட்ல வேற எங்கேயும் இல்லன்னா இந்த சீசன் பூரா உன் டிசைன்தான். உன் தறியோட இன்னும் ரெண்டு தறி போட்டுக்கோ" என்றார். அவளுக்கு அது வெறும் ஆர்டர் இல்லை. தன் கொடி தன் பேரில் தறியேறப்போகிறது. வாலாஜாபாத்தில் நடந்த அண்ணன் கல்யாணத்துக்கு அந்தப் புடவையைத்தான் உடுத்திக்கொண்டு போனாள்.

அந்தக் கல்யாணத்துக்குச் சிட்டிபாபுவும் வந்திருந்தார். சின்ன வியாபாரி, ஐந்து தறிக்கு வேலை கொடுக்கிறவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் பளிச்சென்று பொட்டு. பார்த்தால் பெரிய மனுஷன். அவர் சட்டைப்பையில் இருக்கிற போனைத் திறந்து பார்த்தால் காறித் துப்பத் தோன்றும்.

இங்கே என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு சேலை டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். டிசைன் போடுகிறேன் என்பது வெளியே சொல்லிக்கொள்வது. கல்யாண மண்டபத்திலும் கோயில் வரிசையிலும் எவளோ ஒருத்தி உடுத்தியிருக்கும் புதுப் புடவையை சிட்டிபாபு பின்னாலிருந்து திருட்டுத்தனமாகப் படம் எடுப்பார். திருடுகிற கை ஆடாமல் இருக்குமா? படம் முழுக்கக் கலங்கியிருக்கும். "ஆட்டத்த எடுத்துடுபா" என்று வாட்ஸப்பில் அனுப்புவார். நான் எடுப்பேன். முதலில் தலையை வெட்டுவேன், முந்திக்குத் தலை வேண்டியதில்லையே. பிறகு சாஃப்ட்வேரில் போட்டுத் துலக்கி, அதைப் பார்த்து அட்டைக்கு டிசைன் வரைவேன். மூன்று வருஷமாக இந்தக் கர்மத்தைத்தான் தொழில் என்று சொல்லிச் சோறு தின்றேன்.

வாலாஜாபாத் படமும் அப்படி வந்ததுதான். மேடைக்குப் பின்னால் தொங்கிய சீரியல் பல்பு ஒவ்வொன்றும் தூண்டில்முள் மாதிரி வளைந்து விழுந்திருந்தது. எல்லாப் பல்பும் ஒரே மாதிரி வளைந்தால் அதுதான் கை ஆடிய வழி. அந்த வழியைச் சாஃப்ட்வேருக்குக் காட்டினால் அது படத்தைப் பின்னோக்கி இழுத்துச் சரிசெய்யும். பல்பு தெரிய வேண்டுமே என்று இதில் மட்டும் முழுப் படத்தையும் துலக்கிவிட்டு, அப்புறம்தான் தலையை வெட்டினேன். அவசரத்தில் வளைவைக் கொஞ்சம் நீளமாகக் காட்டிவிட்டேன். படம் தெளிந்தது. ஆனால் ஒவ்வொரு ஓரத்துக்கும் பக்கத்தில் மெல்லிசாக இன்னொரு கோடு வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்புக்கும் அதே இரண்டாவது கோடு. அது புடவையில் இல்லாத கோடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, இது சாஃப்ட்வேர் போட்ட கோடு. மறுபடி எடுத்துத் தரேன்" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குதுபா, நெழல் மாதிரி. அப்படியே வுடு" என்றார்.

விட்டேன். நாற்பதே நாளில் 'ரெட்டைக்கொடி' என்ற பெயரில் கடைத்தெருவில் தொங்கியது. அழுக்கைத் தங்க ஜரிகையில் நெய்து விற்றோம். ஜனங்களும் தடவிப் பார்த்து வாங்கினார்கள்.

காசிநாதன் ஒரு காலை நேரத்தில் சத்யப்ரியா வீட்டுக்கு வந்தார். அவள் புடவையைப் பிரித்துக் காட்டினாள். அவர் தொடக்கூட இல்லை.

"ஏம்மா, எங்கேயும் இருக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? கடைத்தெருவுல தொங்குது. அதுலயாவது கொடியோட கூடவே நெழல் மாதிரி இன்னொரு கோடு ஓடுது. உன்னுதுல அதுகூட இல்ல. காப்பி அடிக்கிறதுன்னா முழுசா அடிக்கணும்மா" என்றார்.

சரத்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். அவள் தடுத்துவிட்டு, அட்டை குத்துகிறவரிடம் போய் விசாரித்து, மத்தியானத்துக்குள் என் மாடிப்படியில் ஏறிவிட்டாள். கூடவே புடவைப் பை.

"சிட்டிபாபுவுக்குப் பீர்க்கங்கொடி போட்டுக்குடுத்தது நீங்கதானா?"

"ஆமாங்க."

"சுருள் ரெண்டு ரெண்டா விட்டு நீங்க எங்கியாவது பாத்திருக்கீங்களா? எந்தப் பந்தல்ல பாத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. தலையை வெட்டுவது வரைக்கும் உள்ளதைச் சொன்னேன். அந்தக் கோடு சாஃப்ட்வேர் போட்டது, இதோ முழுப் படமும் இருக்கிறது, நாற்காலியைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று ஏதோ பெரிய உதவி செய்கிறவன் மாதிரி படத்தைத் திறந்தேன்.

அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை. படத்தில் அவள் ஆரத்தி எடுத்துவிட்டுத் தட்டைக் கீழே வைக்கக் குனிந்திருக்கிறாள். பின்னாலிருந்து எடுத்த படம். இடுப்பும் முதுகும்தான் நடுவில். ஓரத்தில் அவள் முகம், பக்கவாட்டில், சிரித்தபடி. என்னுடைய கைவண்ணத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தது.

தோளில் கிடந்த முந்தியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "சீ" என்றாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

"நான் எடுக்கலைங்க. எனக்கு வந்துது."

"வந்துது, தலைய வெட்டிட்டு மீதிய வச்சிக்கினு வேலை பாத்த. வாய மூடு."

அதற்குப் பிறகு எனக்கு மரியாதை கிடைக்கவில்லை. கேட்கவும் எனக்கு முகமில்லை.

அவளுக்கு இருந்தது அந்த ஒரு அத்தாட்சிதான். சிட்டிபாபு சரக்கு வெளியே வருவதற்கு முன்பே அவள் அந்தப் புடவையை உடுத்தியிருந்தாள் என்றும், இரண்டாவது கோடு அதில் கிடையாது என்றும் சொல்ல வேறு எதுவும் இல்லை. கல்யாண வீட்டு ஆல்பத்தில் அவள் எல்லாப் படத்திலும் முன்பக்கமாக நிற்கிறாள், முந்தி தெரியவில்லை. "இடுப்ப மறைச்சிட்டுக் காட்டலாங்க" என்றேன். "மறைச்சா நீ இன்னும் எதையெல்லாம் மாத்துனியோன்னு காசிநாதன் கேப்பாரு" என்றாள். பிறகு காசிநாதனுக்குப் போன் போட்டு வரச்சொன்னாள்.

அவர் ஊரை விட்டுக் கிளம்பியிருக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டு திரையைக் கைகாட்டினாள்.

"பாருங்க சார். இது நானு. எங்க அண்ணன் கல்யாணம். தேதி கீழ இருக்குது. இது என் இடுப்பு, அதப் பாக்காம இதப் பாக்க முடியாது, பாத்துக்கோங்க. இப்ப நாற்காலியப் பாருங்க. அதுக்கும் ரெண்டு கோடு. என் வளையலுக்கும் ரெண்டு கோடு. நாற்காலியையும் நானா நெய்ஞ்சேன்?"

பையிலிருந்து புடவையை எடுத்து முந்தியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒற்றைக் கோடு. காசிநாதன் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"போதும்மா. மூடிடச் சொல்லு."

"மூடாத. சார் நல்லாப் பாக்கட்டும். காலையில எங்க வூட்டுக்காரர் எதுருல காப்பின்னு சொன்னாரு இல்ல."

அவர் மன்னிப்புக் கேட்டார். பேசியபடி மூன்று தறிக்கும் ஆர்டர், ஒற்றைக் கோட்டிலேயே, இன்றைக்கே பாவுக்குச் சொல்லிவிடலாம் என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். படியிறங்கும்போது மனுஷன் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எப்படியோ ஆர்டர் வந்துடுச்சுங்க" என்றேன்.

"சிட்டிபாபு இது மாதிரி எத்தினி படம் அனுப்பினான்?"

ஃபோல்டரைத் திறந்தேன். முந்தி ஒன்று, முந்தி இரண்டு என்று நானே பெயர் வைத்திருந்தேன். கடைசிப் படத்தின் பெயர் முந்தி நானூற்றுப் பதினாறு.

"அத்தினியும் பொம்பளைங்களா?"

மூன்று வருஷத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அழி. அவன் போன்ல இருக்கறதுக்கு நாளைக்கு நானும் எங்க அண்ணனும் போறோம். மொதல்ல உன்னுத முடி."

"எல்லாத்தையும் ஒரே தட்டுல அழிச்சிடலாங்க."

"ஒண்ணொண்ணா. நான் பாத்துக்கினு இருக்கேன்."

முதல் படத்தைத் திறந்தேன். தலை இல்லை. கழுத்துக்குக் கீழே முந்தி மட்டும். அவளுக்குத் தலை தேவைப்படவில்லை. "பூவம்மாக்கா. அவங்க பொண்ணு சீமந்தம்" என்றாள். அழித்தேன். இரண்டாவதில் புடவையை ஒரு குழந்தையின் கால் மறைத்துக்கொண்டிருந்தது. டிசைனுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அன்றைக்கு அந்தக் காலைத் திட்டியது எனக்கு நினைவிருக்கிறது. "இது நதியா. கொழந்தைக்குப் பால் குடுத்துக்கினு இருக்கா" என்றாள். அழித்தேன். மூன்றாவதில் இருந்தது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. "யாரு பெத்த பொண்ணோ" என்று சொல்லிவிட்டு, அடுத்ததைத் திறக்கச் சொன்னாள்.