பாலத்து நெரிசலில் ஓடிய பாட்டு

மலேசியாவின் கூலாயிலிருந்து எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் வேனில் ஒரு மாதமாக ஒரே தொகுப்புதான் ஓடியது. அறுபதுகளின் ஆங்கில ராக் குழு ஒன்று தொடங்கிய நாள் முதல் கலைந்த நாள் வரை பாடிய பாட்டுகள். பாலத்து நெரிசலில் இறங்கி ஓடவும் முடியாது. போன வாரம் முன் இருக்கையிலிருந்து கத்திவிட்டேன்.

“ராஜு அண்ணே, அந்தக் கருமத்த நிறுத்துங்க லா! மண்ட வெடிக்குது.”

ஓட்டுநர் முறைத்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. போன மாதம் கணவனை இழந்த செல்வி அக்கா, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“இப்ப சந்தோஷமா?” என்றார் ராஜு அண்ணன், என் காதருகே. “வீட்ல பிள்ளைங்க முன்னால அழ முடியாது. இங்கதான், பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்காம அழுவாங்க.”

நானே பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். அந்தப் பாட்டுகள் எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் பாலம் தாண்டுவதற்குள் அவை முடிந்துவிடுமோ என்று இப்போது நான்தான் பயப்படுகிறேன்.