மூன்றாவது உருப்படி திரும்பி வந்த நாள்

ஒரே ஒரு ஊரில், அதாவது பெருமாள்மலை முக்கில், ஒரே ஒரு இரும்புக் கடை இருந்ததாம். அதில் ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை, தோசைக்கல் பழக்குகிற நான்தான் இருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. புது வார்ப்புக் கல்லைக் கஞ்சித் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, விறகடுப்பில் ஏற்றி, பாதியாய் அரிந்த வெங்காயத்தால் தேய்க்கணும். ஊற்றிய தோசை தானாகக் கிளம்புகிற வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யணும். ஒரு கல்லுக்கு ஏழு நாள். காலையில் ஒட்டுகிற கல்லோடு மல்லுக்கட்டி, தோசையைச் சுரண்டித் தின்ற உங்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். என் முதலாளிக்குத் தெரியாது. சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: "மூணு உருப்படி திரும்பி வரட்டும், நாலாவதா நீ கெளம்பிரு." கிளம்பினால் எனக்குப் பழையபடி உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிற வேலைதான்.

ஊற்றிப் பார்த்து வாங்குவது

கவுஞ்சியிலிருந்து ஒரு அக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடவே இரண்டு பிள்ளைகள், ஒரு கொழுந்தன், தூக்குவாளி நிறைய மாவு. "நீங்க சொல்றதை நம்பி வாங்க முடியாது தம்பி, ஊத்திப் பாக்கணும்" என்றார். நியாயம்தானே என்று அடுப்பை மூட்டினேன்.

முதல் கல்லில் இரண்டு தோசை. பூப்போல வந்தது. "அதையும் பாப்போம்" என்று அடுத்த கல். பிறகு அதற்கடுத்தது. ஆறாவது தோசையின்போது கொழுந்தன் பையிலிருந்து ஒரு கிண்ணம் சட்னியை வெளியே எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாளி காலியானதும் அக்கா நிதானமாகக் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "கல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நாளைக்கு எங்க வீட்டுக்காரரையும் கூட்டியாரேன், அவருக்கும் புடிக்கணும்ல."

பளபளப்பு

முதலில் திரும்பி வந்தது கொடைக்கானல் பங்களா ஒன்றுக்குப் போன கல். அங்கே சமையல் பார்க்கிறவர் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் எவர்சில்வர் மாதிரி மின்னுகிறது. "இவ்வளவு கறுப்பா இருக்கே, கழுவுறதே இல்லையா?" என்று வீட்டம்மா கேட்டாராம். மனிதர் ரோஷப்பட்டுச் செங்கல்பொடி போட்டு மூன்று நாள் தேய்த்திருக்கிறார்.

"கறுப்புத்தாண்ணே கல்லுக்கு உசிரு" என்றேன் மெதுவாக. முதலாளி என்னைப் பார்த்து ஒரு விரலை நீட்டினார். சமையல்காரருக்கோ என்மேல்தான் கோபம்: "அதைக் கல்லுலயே எழுதி ஒட்டி விக்க வேண்டியதுதானே?"

குழம்போடு வந்த சட்டி

அடுத்தது இரும்புச் சட்டி. பெரும்பாறை மிளகுத் தோட்டக்காரர் ஒருவர் அதில் புளியைக் கரைத்து ஊற்றி மீன்குழம்பு வைத்து, ஊறினால் ருசிக்கும் என்று இரண்டு நாள் சட்டியிலேயே விட்டுவிட்டார். குழம்பைக் கொட்டாமல் அப்படியே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டாவது விரலை நீட்டினார். தோட்டக்காரர் அசரவில்லை: "கொழம்பு கறுத்துப்போச்சு, சட்டி வெளுத்துப்போச்சு. ரெண்டுல எதை நீங்க வச்சுக்கிறீங்க?"

ஆளுக்கொரு விளிம்பு

இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் குடியிருந்த இரண்டு பெண்கள் ஒருநாள் வெள்ளனே வந்தார்கள். ஒரே வீட்டு மருமகள்கள். நான் பழக்கிக் கொடுத்த கல்லை இந்த விளிம்பில் ஒருவரும் அந்த விளிம்பில் ஒருவருமாகப் பிடித்திருந்தார்கள். மூட்டை தூக்கும்போது தலையில் போடுகிற சாக்கை எங்கே வைத்தேன் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

"என்னம்மா, ஒட்டுதா?" முதலாளி மூன்றாவது விரலைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டார்.

"ரொட்டி மிச்சம் நல்லா வருதுங்க" என்றார் மூத்தவர். அவர்கள் பேச்சில் 'ரொம்ப'வுக்கு 'மிச்சம்'தான்.

"பெறகு எதுக்குத் திருப்புறீங்க?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தனி அடுப்பு வச்சிட்டாங்க. அண்டா குண்டா எல்லாம் பிரிச்சாச்சு. இதை என்னத்தப் பிரிக்க?"

"அக்காவே எடுத்துக்கட்டும்னு நான் சொல்லலைங்க" என்றார் இளையவர், கடைப் பலகையைப் பார்த்தபடி.

"இவகிட்ட யாரு கேட்டா? இதை நீங்களே வச்சுக்கிட்டு ஆளுக்கொரு புதுக் கல்லு பழக்கிக் குடுங்க. காசு நாங்க தாறோம்."

முதலாளிக்குச் சந்தேகம் தீரவில்லை. "நெசமாச் சொல்லுங்கம்மா. ஓரத்துலகூட ஒட்டலையா?"

மூத்தவர் இளையவரைக் கண்ணால் காட்டினார். "ஒட்டியிருந்தா இவளுக்கே விட்டுக்குடுத்திருப்பேன்ல?"

முதலாளி விரலை மடக்கிக்கொண்டார். இரண்டு புதுக் கல்லை ஊறப்போடச் சொல்லிவிட்டு, திரும்பி வந்த கல்லைத் தன் வீட்டு அடுப்புக்கு எடுத்துப் போனார். இளையவர் சாலையின் இந்த ஓரமாகவும் மூத்தவர் அந்த ஓரமாகவும் ஒரே பஸ்ஸைப் பிடிக்க நடந்து போனார்கள்.

என் கைப்பக்குவம்தான் வேலையைக் காப்பாற்றியது என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என்னவோ, ஒருத்தி வீட்டில் இன்னொருத்தியைவிட நல்ல ரொட்டி வெந்துவிடக் கூடாது என்ற அந்த நல்ல மனசுதான்.