வர்றேன் என்று சொல்லிப் போனவர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் உத்திரமேரூரில் நெல் மிஷின் வைத்திருந்தவர்களில் நாலு பாஷை பேசியவன் நான் ஒருவன்தான். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. தமிழ் வீட்டில் வந்தது. தெலுங்கு, நெல் ஏற்றி வந்த லாரிக்காரர்களிடம் வந்தது. இந்தி, கோணி வியாபாரம் செய்த பாய் கடையில் வந்தது. சின்ன வயதில் அங்கே கோணி தைத்தேன். இங்கிலீஷ், மிஷினைப் பார்க்க வரும் ஆபீசர்களை ‘நோ பிராப்ளம் சார்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற அளவுக்கு. படித்தவர்கள் ஒரு பாஷையிலேயே திணறியபோது நான் நாலிலும் வியாபாரம் பண்ணினேன்.

எழுபதுகளின் கடைசியில் பழைய ஹல்லரைக் கழற்றிவிட்டு ரப்பர் ரோலர் வைத்த புது மிஷின் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் அதை முதலில் போட்டது நான்தான். பொருத்திக் கொடுப்பதற்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தார். வங்காளி. என் வயதுதான் இருக்கும். டூல்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் கடுகெண்ணெய் வைத்திருந்தார். மிஷினை ஒட்டி இருந்த அறையில் தங்க வைத்தேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. இரண்டு பேருக்கும் இந்தி அரைகுறை. அவர் இந்தியை உருட்டி உருட்டிப் பேசுவார். நான் பாய் கடையில் பேசியது போலவே பேசுவேன்: எத்தனை, என்ன விலை, சரக்கு இருக்கு, சரக்கு தீர்ந்துபோச்சு. மிஷின் பொருத்துவதற்கு அது போதும்.

என் வீட்டுக்காரிக்கு ஒரே பாஷைதான். ஏரி மீன் வாங்கினால் குழம்பில் அவருக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பாள். “கெண்ட மீனு, முள்ளு கீது, பாத்துத் துன்னு” என்று தமிழிலேயே சொல்வாள். அவர் வங்காளத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். இருவருக்கும் எல்லாம் புரிந்தது போலத்தான் தெரியும்.

“நான் இந்தில கேட்டா முழிக்கிறான், நீ தமிழ்ல சொன்னா தலையாட்டறான். இன்னாடி வித்தை?” என்று கேட்டேன்.

“நீ சரக்கு கேக்கற, நான் சோறு போடறேன். எது புரியும்?” என்றாள்.

அந்த ஆளிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அதற்கு முன்னால் நான் பார்த்த வடக்கத்திக்காரர்கள் கிளம்பும்போது ‘ஜாதா ஹூம்’ என்பார்கள். போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னால் நமக்குச் சுருக்கென்று இருக்குமே, அப்படி இருக்கும். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு ‘ஆதா ஹூம்’ என்பார். வருகிறேன். அவர்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்களாம். நான் அதைச் சொன்னதும் என் வீட்டுக்காரிக்கு வாயெல்லாம் பல். “நம்ம ஜனம் மாதிரியேதான் கீது” என்றாள்.

மிஷின் வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது அவளுக்கு ஜுரம் கண்டது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உயிரோடு திரும்பவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

எடுத்த மறுநாள் துக்கம் கேட்க ஊரே வந்தது. நான் சாதாரண ஆளில்லையே, வராமல் இருப்பார்களா? வந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார்கள், என் கையைப் பிடித்தார்கள், எழுந்தார்கள், போனார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. வருகிறேன் என்றால் இன்னொரு சாவைக் கூப்பிடுவது மாதிரி. நானும் எத்தனையோ வீடுகளிலிருந்து அப்படி எழுந்து வந்தவன்தான். ஆனால் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு முதுகாக வாசலைத் தாண்டுவதைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒருத்தராவது திரும்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

வங்காளி கடைசியில் வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம் போல, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ஆதா ஹூம்” என்றார்.

அவளுடைய அண்ணன், திருமுக்கூடல் மச்சான், தங்கை சொல்லி அவருக்கும் அந்த இரண்டு வார்த்தை தெரிந்திருந்தது. குதித்து எழுந்தார். “இன்னாய்யா இவன்! எழவு வூட்ல வந்து வரேன்றான்! இன்னொன்னு வுழணுமா இந்த வூட்ல?”

“அவனுக்கு இன்னா தெரியும், வுடுங்க” என்று என் மேஸ்திரி வங்காளியின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். தன் தப்பு என்னவென்று தெரியாமல் அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மச்சானுக்கு நான் வங்காளி மேல் கோபத்தில் இருப்பதாகத் தோன்றியிருக்கும். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் மூச்சு வந்தது.

மறுநாள் மாலை வங்காளி வந்தார். சொந்தக்காரர்கள் யாரும் அப்போது இல்லை. “ஆ கயா” என்றார். வந்துவிட்டேன். அதற்கு மேல் நான் பேச வேண்டும் போலிருந்தது. தமிழில் என்னால் முடிந்திருக்காது. தமிழில் ஆரம்பித்தால் உடைந்துவிடுவேன், மிஷின்காரன் அழுதான் என்று கடைத்தெருவில் பேசுவார்கள். பாய் கடை இந்தியில் அழுகைக்கு ஒரு சொல்லும் இல்லை. அதுவே வசதியாக இருந்தது. ‘கதம்’ என்றேன். கோணி தீர்ந்துபோனால் பாய் சொல்வது. ‘ஏக் ஹி தா’ என்றேன். ஒன்றுதான் இருந்தது. அவர் தலையாட்டினார். சரக்குக் கணக்கு சொல்கிற மாதிரியே அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்: மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது, மிஷின் பட்டை அறுந்தால் எனக்கு முன்னால் அவளுக்குச் சத்தம் கேட்பது. எனக்கு வார்த்தை கிடைக்காத இடத்தில் அவர் ஒன்றைப் போடுவார். சரியோ தப்போ, அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவேன்.

பிறகு எல்லா மாலையும் வந்தார். ஓட்டல்காரர் எனக்கு அனுப்பிய சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அவர் ஆற்றங்கரையில் இருக்கும் தன் வீட்டைச் சொல்வார். கிளம்பும்போது ‘ஆதா ஹூம்’. அதைக் கேட்டால்தான் நான் கதவைச் சாத்துவேன். அடுத்த நாள் பகலைத் தள்ள அது ஒன்று இருந்தது.

பொருத்துகிற வேலை முடிந்து மிஷின் ஓடியது. கருமாதியும் முடிந்திருந்தது. அந்த மாலை அவர் வழக்கத்தைவிட நேரம் உட்கார்ந்திருந்தார். கை கழுவினார். செருப்பை மாட்டினார். என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். திறந்தவர் சட்டென்று மூடிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார். அப்படியே திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

எதையோ சொல்ல வந்து மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாலும் கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் மிஷினுக்குப் போனால் அறை காலி. கடுகெண்ணெய் பாட்டில் மட்டும் ஜன்னலில் இருந்தது, அடியில் கொஞ்சம் எண்ணெயோடு.

“மொத பஸ்ல போய்ட்டாரு மொதலாளி” என்றார் மேஸ்திரி. “நேத்து வூட்டுக்கு வந்தாரே, சொல்லாம கொள்ளாம எழுந்து போனாரா?”

“ஆமாம்.”

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. “நான்தான் கத்துக் குடுத்தேன். உங்க மச்சான் அன்னிக்கு அப்டிப் பேசனதுலருந்து பேஜாராப் பூட்சி அவருக்கு. இன்னா தப்பு, இன்னா தப்புன்னு என்னாண்டயே சுத்திக்கினு இருந்தாரு. நேத்துதான் புரிய வெச்சேன். எழவு வூட்ல சொல்லிக்கினு போக்கூடாதுன்னு. கப்புனு புடிச்சிக்கினாரு.”

“உனக்குத்தான் இந்தி வராதே. எந்த பாஷைல சொன்ன?”

“பாஷை எதுக்கு மொதலாளி? உங்க வூட்டக் காட்டனேன், வாயப் பொத்திக் காட்டனேன். அவ்ளோதான்.”

நான் பாட்டிலை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். மிஷினைப் போடச் சொன்னேன். புது மிஷின், நல்ல சத்தம். பக்கத்தில் நின்று யார் என்ன சொன்னாலும் காதில் விழாது.