ஆட்டத்தை மாற்றிய பெனடிக்ட் அண்ணன்

பெனடிக்ட் அண்ணன் மாரடைப்பில் இறந்துவிட்ட செய்தி அலுவலகக் குழுவில் வந்தபோது நான் ஒரு மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். படித்தேன். பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் பாதி வேலையில் கிளம்பி, இந்த ஹைதராபாத் டிராஃபிக்கில் உப்பலுக்கு வந்துவிட்டீர்கள். அதே அடுக்ககத்தில், அவர் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் நான்தான் கடைசியாகப் போய் நின்றேன்.

எங்கள் டீமுக்கு அவர்தான் லீட். என்னைவிட அவருக்கு வேலை அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார். அதன்பின் அவர் மகன் ஜோயலும் என் மகள் யாழினியும் வைத்ததுதான் சட்டம்.

நான் யாழினியை அழைத்துவரப் போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போர்வை தொங்கும். அடியில் ரயில் ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் போர்வையை விலக்கித் தலையை நீட்டுவார்.

"உள்ள வாங்க தம்பி, ஒரு சீட்டு காலியா கெடக்கு."

"கால்ல இருக்கேண்ணே" என்று போனைக் காட்டுவேன்.

இத்தனை வேலைக்கு நடுவில் இப்படி விளையாட எப்படி முடிகிறது என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன். "நாம ஒண்ணும் யோசிக்க வேண்டாம் தம்பி. மேனேஜர் சொல்றத தலையாட்டிக் கேக்கோம்லா? அதே மாரி இவங்க சொல்றதையும் கேட்டா போதும்" என்றார். இருவரும் சிரித்தோம். நான் மகளை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, அவர் மனைவி லில்லி அக்கா ஜோயலுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறுதலாக ஏதாவது பேச வேண்டுமே என்று, "அந்த ரயில் விளையாட்டை யாழினி மறக்கவே மாட்டாக்கா" என்றேன்.

"ரயிலா? அது நீங்க பெல் அடிச்சப்புறம்லா ஓடும்!" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் விடாமல் கேட்டேன்.

"அவளுக்குப் பிடிச்சது வீட்டு விளையாட்டு, தம்பி. அதுல அவதான் அப்பா. காதுல போன வச்சுக்கிட்டு வாசல்லயே நிப்பா. ஜோயல் எத்தன தடவ கூப்பிட்டாலும் உள்ள வரமாட்டா. பெல் அடிச்சா போதும், அவுக, 'ஆட்டத்த மாத்துங்க, ரயிலு, ரயிலு'ம்பாக. நீங்க பாத்தா மனசு சங்கடப்படுவீங்கன்னு."

சமையலறையில் என் மனைவி சுமதி பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவனை இழந்தவர் எனக்குத் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜோயலும் யாழினியும் எங்கள் கூடத்தில் தலையணைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பாவும் வரட்டுமா?" என்றேன்.

யாழினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மீகு ராது நான்னா" என்றாள் தெலுங்கில். உங்களுக்கு இதெல்லாம் வராதப்பா. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. எழுந்துவிடலாமா என்று நினைத்தேன்.

அப்பா போனதிலிருந்து அதிகம் பேசாத ஜோயல் ஒரு தலையணையை என் மடியில் வைத்தான். "எங்கப்பாவுக்கும் மொதல்ல ஒண்ணும் வராது அங்கிள். நாங்கதான் சொல்லிக் குடுத்தோம்."

பெனடிக்ட் அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, 'மொதல்ல ஒண்ணும் வராது' என்ற இந்த ஒரு வாக்கியம்தான். அதையும் அவர் மகன் சொல்லித்தான் கேட்டேன்.