ரம்பத்துக்கு இரண்டு கைப்பிடி

நானும் என் மச்சானும் பேசாமல் இருந்த காலத்தில்தான் நிறைய மரம் வெட்டினோம். வாய் ஓய்ந்ததால் கை வேகமாக ஓடுகிறது என்று விறகு மண்டி முதலாளிக்கு ஒரே சந்தோஷம். எங்கள் சண்டை நீடிக்கட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஊரில் மரம் விலைக்கு வந்தாலும் மண்டி லாரி போகும். லாரி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அதன் இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். காலையில் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி இரண்டு பேர் மாறி மாறிச் சுற்றினால், அதற்கு மனமிருந்தால் கிளம்பும். பின்னால் வடக்கயிறு, கோடாலி, கடப்பாரை, ஆப்பு, மண்ணெண்ணெய் புட்டி, அவற்றின் மேல் நாங்கள். ரம்பம் மட்டும் சாக்கில் சுற்றிக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சொகுசாக வரும். வழியில் மழை வந்தால் நாங்கள் நனைவோம், ரம்பம் நனையாது.

அது ஆளை விட நீளமான ரம்பம். இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி, அந்தப் பக்கம் ஒரு கைப்பிடி. அதில் இழுப்பதுதான் வேலை. தள்ளவே கூடாது, தள்ளினால் தகடு மடங்கிவிடும். நான் இழுக்கும்போது அவர் கையைத் தளர்த்த வேண்டும், அவர் இழுக்கும்போது நான். இந்த இசைவு கல்யாணம் கட்டினவர்களுக்கே எளிதில் வராது. எனக்கும் மச்சானுக்கும் வந்திருந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன்.

சண்டை என் பெண்ணின் காது குத்தில் ஆரம்பித்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமனோ திருமுக்கூடல் ஆற்று மணலில் லாரியோடு மாட்டிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்த, என் பங்காளி ஒருவனை உட்கார வைத்துக் குத்திவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து கம்மலும் சீர்த்தட்டுமாக மச்சான் வந்தார். பிள்ளையின் காதைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். எல்லாவற்றுக்கும் காரணமான லாரியின் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. மறுநாள் இரண்டு பேரும் அதே லாரியில் எதிரெதிராக உட்கார்ந்து வேலைக்குப் போனோம்.

வேறு ஆளோடு இழுக்கலாமே என்று கேட்பீர்கள். இழுத்துப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் தோள்பட்டை போனதுதான் மிச்சம். அதனால் பழையபடி சேர்ந்தோம், ஆனால் பேசவில்லை. நடுவில் டிரைவர் மாட்டிக்கொண்டார். செங்கல்பட்டுப் பக்கத்து ஆள், சாது. பிசின் பிடித்து ரம்பம் இறுகினால் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும், புட்டியோ மச்சான் காலடியில் இருக்கும்.

“டிரைவரே, எண்ண ஊத்தச் சொல்லு.”

“அண்ணே, எண்ண ஊத்தணுமாம்.”

“ஊத்திக்கினுதான் கீறேன்னு சொல்லு.”

இத்தனைக்கும் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மரத்தின் அகலம்தான்.

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தொழிலில் மரம் சாயும்போது வெறுமனே ‘ஓடு’ என்று கத்தக் கூடாது. கத்தினால் யார் ஓடுவது என்று தெரியாமல் எல்லாரும் ஓடுவார்கள். கயிறு பிடிக்கிறவனும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடுவான். ஆகவே ஆபத்தை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் எதிர்க் கைப்பிடிக்காரரை முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். மாமா, சித்தப்பா, மச்சான், எதுவோ அது. கூப்பிட்ட குரலுக்கு ரம்பத்தை விட்டுவிட வேண்டும். நானோ அந்த வார்த்தையை இனி என் வாயால் சொல்லமாட்டேன் என்று மனைவியின் எதிரில் சத்தியம் செய்திருந்தேன்.

திருப்புலிவனம் பாதையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம். அறுவடை முடிந்த வயல் பக்கம் சாய்க்க வேண்டும். உச்சியில் வடம் கட்டி, வயலில் நான்கு பேர் பிடித்து நின்றார்கள். அடிமரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மச்சான். அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் லாரி. வெயிலுக்குப் பயந்து, நாங்கள் வெட்டுகிற மரத்தின் நிழலிலேயே அதை நிறுத்தியிருந்தோம். உள்ளே டிரைவர் தூக்கம்.

பாதி மரம் அறுபட்டிருக்கும். என் பக்கம் மரத்தூள் கறுப்பாகக் கொட்டியது, ஈரமாக. உள்ளே பொந்து. பொந்து மரம் கயிற்றுக்குக் கட்டுப்படாது, திருகிக்கொண்டு இஷ்டப்பட்ட பக்கம் விழும். அண்ணாந்து பார்த்தேன். உச்சி மெல்ல மச்சான் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்ததோ வேறு.

“டிரைவரே! உள்ள பொந்து கீது, அவர அப்பால வரச் சொல்லு!”

டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார். லுங்கியை அவிழ்த்துக் கட்டினார். பொறுப்பான மனிதர், கிட்டே போய்த்தான் சேதி சொல்வார்.

“அண்ணே, உங்கள அப்பால வரச் சொல்றாரு.”

“இன்னாத்துக்காம்? பயமா இருந்தா அவர வூட்டுக்குப் போகச் சொல்லு” என்றார் மச்சான், கைப்பிடியை விடாமல்.

டிரைவர் அதைச் சொல்ல என் பக்கம் நடந்து வந்தார். அதற்குள் மரம் படீரென்று வெடித்தது.

“மச்சான்!” என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருக்கிறது என்று அதுவரை தெரியாது.

கைப்பிடி காலியாகத் துள்ளியது தெரிந்தது, பிறகு ஒரே புழுதி. என் மனைவியிடம் போய் என்ன சொல்வேன் என்று மட்டும்தான் நினைத்தேன்.

புழுதி அடங்கியபோது, அவர் நின்ற இடத்தில் அடிமரம் கிடந்தது. பெரிய கிளை ஒன்று லாரியின் முன்பக்கத்தை நசுக்கி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் பேசிக்கொள்கிறவர்களாக இருந்திருந்தால் டிரைவர் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். திரும்பினேன். அடிமரத்தைச் சுற்றி ஓடிவந்து, என் சட்டையை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மச்சான் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“டிரைவரே, நான் நல்லாத்தான் கீறேன்னு என் மாப்ள கிட்ட சொல்லு” என்றார்.

டிரைவர் நசுங்கிய லாரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“நீங்களே சொல்லிக்குங்க. பெரிய பேஜாரு உங்களோட” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“தெரியுது மச்சான்” என்றேன்.

நான்தான் முதலில் பேசினேன், ஆகவே தோற்றது நான்தான் என்று அன்று சாயங்காலமே மச்சான் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும். காது குத்துக்கு லேட்டாக வந்தது அவர்தான். அதை நான் இன்றைக்கும் விடுவதாயில்லை. இப்போதெல்லாம் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அவரிடமே சொல்கிறேன்.